மருந்தின் அளவு

தமிழில் நோய் தீர்க்கும் பொருளுக்கும் மருந்து என்றே பெயர்; துப்பாக்கிக்குள் இட்டு வெடிக்கும் பொருளுக்கும் மருந்து என்றே பெயர். வெடிமருந்து என்று அடைகொடுத்துச் சொல்வது ஏட்டு வழக்கு. நாட்டுத் துப்பாக்கியைக் கையாண்ட பழைய தலைமுறையினர் ‘மருந்து கெட்டித்தல்’ என்றுதான் சொன்னார்கள். பலபொருள் ஒருசொல் நடத்தும் வகுப்புகளில் நாம் இச்சொல்லை எடுத்துக்காட்டுவது வழக்கம். இரண்டு பொருளுக்கும் பொதுவாய் நிற்பது அளவு என்பதை மட்டும் எந்த வகுப்பறையிலும் நாம் கற்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஒரு முதிய உழவரின் வீட்டு நிலவறையில் கற்றோம்.

சிட்டுக்குருவியின் மேல் பிரம்மாத்திரம் தொடுப்பதா என்று நாம் பேச்சுவாக்கில் கேட்பதுண்டு. மானையும் கரடியையும் வீழ்த்தவல்ல ரைஃபிளைக் கொண்டு, பூனையினும் சற்றே பருத்த ஒரு கொறிவிலங்கைச் சுடுவது அந்தக் கேள்விக்கு நேர் எடுத்துக்காட்டாகத் தோன்றும். ஆனால் அங்கு அவ்வாறு சுடுவோரில் ஒரு சாரார் கடையில் விற்கும் தோட்டாவை வாங்குவதில்லை. தம் கையாலேயே தோட்டாவை அடைத்து, மருந்தை வெகுவாகக் குறைத்து, அந்தப் பெரிய ரைஃபிளைச் சிறிய வேலைக்குப் பழக்குகிறார்கள். இலக்கியம் பேசும் இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஆற்றலைக் கூட்டுவது பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கையிலுள்ள ஆற்றலைக் குறைத்துக்கொள்வது பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. அந்த வகையில் இது நமக்கும் உரிய பொருள்தான்.

2018ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், மேற்குப் பென்சில்வேனியாவின் வாசிங்டன் மாவட்டத்தில் வசிக்கும் தங்கையின் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தோம். வீட்டின் பின்புற வேலிக்கு அப்பால் ஓர் உழவரின் நிலம். மேட்டில் குளோவர் என்னும் தீவனப் பயிர், சரிவில் சோயா. அவருக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது. மைத்துனரோடு நல்ல பழக்கம் உள்ளவர். நாம் தமிழாசிரியர் என்று அறிந்ததிலிருந்து நம்மைப் ‘பேராசிரியரே’ என்றே அழைத்தார். நாம் எவ்வளவு மறுத்தும் விடவில்லை.

அவருடைய பகை உட்சக் என்னும் விலங்கு. கிரவுண்ட்ஹாக் என்றும் சொல்வர். அணில் குடும்பத்தைச் சேர்ந்தது; மரமேறும் அணிலைப் பிடித்து ஐந்து கிலோ அளவுக்கு உப்ப வைத்து, வாலைக் குறுக்கி, மண்ணுக்குள் குடிவைத்தாற்போல் இருக்கும். பயிர் முளைவிட்ட பருவத்தில் தன் வளையைச் சுற்றி வட்டமாக மேய்ந்து வெறுந்தரையாக்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை வளைதான். வயலின் நடுவே பல அடி நீளத்துக்குச் சுரங்கம் தோண்டும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டிராக்டரின் சக்கரம் அதில் இறங்கினால் அச்சு முறியும். குதிரையோ மாடோ கால் வைத்தால் எலும்பு முறியும்.

பெயரைக் கேட்டதும் ஆசிரியப் புத்தி விழித்துக்கொண்டது. ‘உட்’ என்றால் மரம். இந்த விலங்குக்கும் மரத்துக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை. அப்பகுதிகளின் பூர்வகுடியினரான அல்கான்கியர் மொழிகளில் வழங்கிய பெயரொன்று ஆங்கிலேயர் காதில் விழுந்து, தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொற்களின் உருவைப் பெற்றுவிட்டது. இதுபோன்ற தொல்லை விலங்குகளை அங்கு ‘வார்மின்ட்’ என்கின்றனர். தீங்குயிர் என்று பொருள்படும் ‘வெர்மின்’ என்பதன் பேச்சுத் திரிபு அது. அதன் வேர் புழு என்று பொருள்படும் இலத்தீன் சொல். ஓர் உயிரைப் புழு என்று ஒருமுறை பெயரிட்டுவிட்டால் அதன் பிறகு அளவு பற்றிய கேள்வியே எழுவதில்லை. புழுவை நசுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று யார் கணக்கிடுகிறார்கள்?

இத்தனைக்கும் அதே மாநிலத்தில் பங்சுடானி என்னும் சிற்றூரில், ஆண்டுதோறும் பிப்ரவரி 2ஆம் நாள் இதே இனத்து விலங்கொன்றைத் தொப்பியணிந்த பெரிய மனிதர்கள் கையில் ஏந்தி, ஊர்கூடி வாழ்த்துகின்றனர். அது தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்பது நம்பிக்கை. 1887 முதல் அங்குள்ள குன்றின் மேல் நடந்துவரும் விழா இது. செருமானியக் குடியேறிகள் தம் தாய்நாட்டில் வளைக்கரடியை வைத்துப் பார்த்த குறியை இங்கே இந்த விலங்கின் மேல் ஏற்றினார்கள். பிப்ரவரியில் தீர்க்கதரிசி, சூனில் புழு.

முதியவரிடம் இருந்தது ஒரே ஒரு ரைஃபிள். அவருடைய தந்தை வாங்கியது. 1903ஆம் ஆண்டு மாதிரியான ஸ்பிரிங்ஃபீல்டு. படைக்காகச் செய்யப்பட்டு, உபரியாக விற்கப்பட்டு, மரப்பகுதி செதுக்கி வேட்டைக்காக மாற்றப்பட்டது. அதன் தோட்டா ‘தேர்ட்டி ஆட் சிக்ஸ்’ எனப்படும் .30-06. முப்பது என்பது அங்குலத்தின் நூற்றில் முப்பது பங்கான குழல் விட்டம். ஆறு என்பது அமெரிக்கப் படை அதை ஏற்றுக்கொண்ட 1906ஆம் ஆண்டு. இரண்டு உலகப் போர்களிலும் அந்நாட்டுப் படையின் தோட்டா இதுவே. வேட்டைக்கான முழு மருந்தோடு ஏறத்தாழ 9.7 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 890 மீட்டர் அளவான வேகத்தில் செலுத்தும். சிறுவர்கள் சுடப் பழகும் .22 தோட்டாவின் ஆற்றலோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ இருபது மடங்கு.

இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட சிறுவிட்ட ரைஃபிள்கள் அங்கு ஏராளம். 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட், 1950இல் வந்த .222 ரெமிங்டன் என்று அந்த வரிசை நீளும். சிறு குண்டு, பெருவேகம், நெடுந்தொலைவு என்பதே அவற்றின் நெறி. பெரிய ரைஃபிளையே அந்நெறிக்கு இழுத்துவரவும் ஒரு முயற்சி நடந்தது. 1977இல் ரெமிங்டன் நிறுவனம், பிளாஸ்டிக் உறையில் செருகிய சிறு குண்டை .30-06 தோட்டாவில் வைத்து, நொடிக்கு 1,200 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ச்சியது. இவற்றில் ஒன்றை ஏன் வாங்கவில்லை என்று முதியவரிடம் கேட்டோம்.

“இந்த ஒன்றையே நான் இன்னும் முழுதாக அறியவில்லை, பேராசிரியரே” என்றார்.

பிறகு சாதாரணக் காரணங்களையும் சொன்னார். முழு மருந்தின் பின்னுதைப்பை அவருடைய தோள் இப்போது தாங்குவதில்லை. முன்பு வெறும் வயலாக இருந்த இடங்களில் இப்போது வீடுகள் வந்துவிட்டன. விடியற்காலையில் அந்த ஓசை குழந்தைகளை எழுப்பிவிடும். மருந்தும் குண்டும் விலை கூடியவை. பாதி மருந்தும் தாமே வார்த்த ஈயக் குண்டும் சிக்கனமானவை. கோடை முழுவதும் இதே ரைஃபிளைக் கையாண்டால், குளிர்காலத்தில் மான் வேட்டை தொடங்கும்போது அதன் விசையும் எடையும் கைக்குப் பழகியிருக்கும். இந்த உத்தியும் அவர் கண்டுபிடித்ததன்று. உள்ளரங்கப் பயிற்சிக்காகவும், மக்கள் நடமாடும் இடங்களில் காவல் நிற்போருக்காகவும் மருந்து குறைத்த தோட்டாக்களை அந்நாட்டுப் படையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்திருக்கிறது.

ஒருநாள் மாலை அவர் தம் நிலவறைக்கு அழைத்துச் சென்றார். மேசையில் திருகி நிறுத்திய அழுத்துப்பொறி, சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகள், ஈயம் வார்க்கும் அச்சு, ஒரு சிறு தராசு. தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் பிரைமர், மருந்து, குண்டு. கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். மற்ற மூன்றையும் புதிதாக இட வேண்டும். மருந்தை நிறுக்கும் அலகு ‘கிரெய்ன்’. தானியமணி என்பதே அதன் பொருள். பார்லி மணியின் எடையிலிருந்து பிறந்த அளவு. ஏழாயிரம் மணி கொண்டது ஒரு பவுண்டு. நெல்லெடை, குன்றிமணி, மஞ்சாடி என்று பொன்னை நிறுத்த நம் தட்டார்களின் தராசு நினைவுக்கு வந்தது. உலகெங்கும் மனிதன் மிகக் கவனமாக நிறுக்க வேண்டியவற்றை விதைகளைக் கொண்டே நிறுத்திருக்கிறான்.

மருந்தைக் குறைப்பதில் ஆபத்தும் குறையும் என்றே நாம் எண்ணியிருந்தோம். எவரும் அப்படித்தான் எண்ணுவர். அவர் சொன்னவற்றைக் கேட்டபின் அந்த எண்ணம் தலைகீழானது. முழு அளவு மருந்திட்டால் கூடு ஏறக்குறைய நிரம்பிவிடும். தவறி இரண்டு முறை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுக்கும். குறைந்த அளவு மருந்தோ கூட்டின் அடியில் கிடக்கும். இரண்டு முறை கொட்டினாலும் வெளியே தெரியாது. அத்தோட்டா ரைஃபிளையே உடைத்துவிடும். மருந்து மிகவும் குறைந்துபோனால் குண்டு வெளியேறாமல் குழலுக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். எல்லாவற்றையும்விட விந்தையானது, மெதுவாக எரியும் மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்தபோது, எரிவதற்குப் பதில் அது அடங்காச் சீற்றத்தோடு வெடித்த நிகழ்வுகள் உண்டு. அதன் காரணம் பற்றி வல்லுநரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே குறைப்பதற்கென்று ஏற்ற மருந்துகளையே பயன்படுத்த வேண்டும். அவற்றுக்கும் கீழெல்லை உண்டு. ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் எச் 4895 மருந்தைக் குறைத்துப் பயன்படுத்த விதி வகுத்திருக்கிறது. உச்ச அளவில் 60 விழுக்காடு என்பது அதன் வரம்பு.

அவர் அடைக்கும்போது வானொலி ஓடாது, பேச்சும் கிடையாது. அச்சிட்ட கையேட்டில் உள்ள அளவை மீறி எதையும் தாமாகக் கலப்பதில்லை. ஐம்பது கூடுகளிலும் மருந்தை இட்டபின், குண்டைப் பொருத்துவதற்கு முன், ஒவ்வொன்றின் உள்ளேயும் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் பார்த்தார். “கூட்டுவது யாருக்கும் வரும். நிறைந்ததும் நிறுத்திவிடலாம். குறைக்கிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்வதில்லை” என்றார்.

சூன் மாதத்தில் ஒரு விடியலில், தங்கை மகளும் நாமும் அவருடன் சென்றோம். வேலியோரத்து மர வரிசையை ஒட்டி நடந்தோம். ஏறத்தாழ இருநூறு கஜத் தொலைவில் ஒரு விலங்கு தன் வளை வாயிலில் இரண்டு கால்களில் நிமிர்ந்து நின்றது. மார்பில் கைகளை மடக்கிக்கொண்டு சூரியனைப் பார்த்து நிற்பதுபோல் இருந்தது. ரைஃபிளின் தொலைநோக்கி வழியே பார்த்துவிட்டு அவர் நடையைத் தொடர்ந்தார். முழு மருந்தானால் அங்கிருந்தே முடிந்திருக்கும். குறைத்த மருந்தில் குண்டின் வேகம் பாதியாகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிறது. குண்டு விரைவில் தாழ்கிறது. எந்தத் தொலைவில் எவ்வளவு தாழும், முழு மருந்துக்குப் பொருத்திய தொலைநோக்கியை எத்தனை திருகு திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருடைய சட்டைப் பையில் இருந்த குறிப்பேட்டில் இருந்தன. நூறு கஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட வரம்பு. மருந்தைக் குறைத்தவன் நடையைக் கூட்ட வேண்டும்.

அவ்விலங்கு நம் நிழலைக் கண்டு வளைக்குள் மறைந்தது. அடுத்தது குன்றின் உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நின்றது, அதையும் விட்டார். வேகமாகச் செல்லும் மெல்லிய உறைக் குண்டு மண்ணில் பட்டதும் சிதறிவிடும்; மெதுவாகச் செல்லும் திண்ணிய ஈயக் குண்டோ கல்லில் பட்டுத் தெறித்து வேறெங்கோ போகும். பின்னால் மண்சரிவு இல்லாமல் சுடலாகாது. மூன்றாவது விலங்கை எண்பது கஜத்தில் சுட்டார். ஓசை, கனத்த கதவொன்றை அறைந்து சாத்தியதுபோல் இருந்தது. விலங்கு நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

தங்கை மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நம் கையைப் பற்றிக்கொண்டு, “மாமா, சாகப்போற அதுக்குச் சின்ன மருந்து என்ன, பெரிய மருந்து என்ன?” என்று தமிழில் கேட்டாள். நாம் அதை அப்படியே ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டோம்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. சிறிது தூரம் நடந்தபின் சொன்னார்: “அதற்கு வேறுபாடு இல்லை. பெரிய மருந்து அதற்கு நல்லதாகக்கூட இருக்கலாம். எங்கே பட்டாலும் உடனே முடிந்துவிடும். வேறுபாடு எனக்குத்தான். பெரிய மருந்தோடு வந்தால் நான் தொலைவிலேயே நின்றுவிடுவேன். அங்கிருந்து அது விலங்காகத் தெரியாது, புள்ளியாகத் தெரியும். புள்ளியைச் சுடுவது எளிது.” பல ஆண்டுகளுக்கு முன், குறைத்த மருந்தோடு நூற்றைம்பது கஜத்தில் ஒன்றைச் சுட்டாராம். அடிபட்ட விலங்கு தன்னை இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டது. அதை முடித்துவைக்க மண்வெட்டியோடு அன்று மாலை வரை தோண்டினாராம். நூறு கஜ வரம்பு அன்று வந்தது.

சிறுமிக்கு அவ்விடை போதவில்லை. நமக்கும் போதவில்லை என்றே சொல்ல வேண்டும். கொல்வதை அளவோடு கொல்வதால் அது அறமாகிவிடாது. எனினும், தன் கைக்கு எட்டிய வல்லமை முழுவதையும் எடுத்துப் பயன்படுத்தாமல் விடுகிற மனிதனைக் காண்பது அரிது. அந்த அரிய காட்சியை ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

காகாசுரன் கதையை அன்று இரவு சிறுமிக்குச் சொன்னோம். சித்திரகூடத்தில் சீதையைத் துன்புறுத்திய காகத்தின் மேல் இராமன் ஒரு தருப்பைப் புல்லை ஏவினான். புல்லில் பிரம்மாத்திரம் ஏறியிருந்தது. காகம் மூவுலகும் பறந்து புகலிடம் காணாமல் அவன் காலடியிலேயே விழுந்தது. உயிருக்கு ஈடாக ஒரு கண்ணை இழந்தது. பொருள் சிறிது, அதில் ஏற்றிய வல்லமை பெரிது. வேலிக்கு அப்பாலிருந்த முதியவர் செய்தது இதன் மறுதலை: கருவி பெரிது, அதில் இட்ட வல்லமை சிறிது. ஏவிய அம்பைப் பாதியில் தணிக்க இராமனுக்கு இயன்றது. மனிதனுக்கு அது இயலாது. அவன் தணிப்பதானால், ஏவுவதற்கு முன்பே, தராசின் முன் அமர்ந்து தணிக்க வேண்டும்.

அளவு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதாகவும் சொல்வதற்கில்லை. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழப் பாதிக் கழுகுகளின் எலும்பில் நாட்பட்ட ஈய நஞ்சின் அடையாளம் காணப்பட்டது. சுடப்பட்டுக் கிடக்கும் விலங்குகளைத் தின்பதால் ஈயத் துணுக்குகள் அவற்றின் உடலில் சேர்கின்றன. கலிபோர்னியா மாநிலம் 2019 சூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றாகத் தடைசெய்துவிட்டது. ஈயத்துக்கு மாற்றாகச் செம்புக் குண்டுகள் உண்டு. ஆனால் செம்பு வேகமாகச் சென்றால்தான் இலக்கில் மலர்ந்து விரைவாகக் கொல்லும். மெதுவாகச் சென்றால் ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகக் குறைத்த மருந்து மென்மையான ஈயத்தையே நாடுகிறது. தோளுக்கும் அண்டை வீட்டுக்கும் இதமான மருந்து, வானத்தில் வட்டமிடும் பறவைக்கு நஞ்சாகிறது. மைத்துனர் இச்செய்தியைச் சொன்னபோது முதியவர் நெடுநேரம் பேசவில்லையாம். முன்பு முழங்காலளவு ஆழத்தில் புதைத்தவர் இப்போது இடுப்பளவு ஆழத்தில் புதைக்கிறார். தங்கையின் காய்கறித் தோட்டத்தைச் சுற்றித் தாமே கம்பிவலை அடித்து, அதன் அடிப்பகுதியை மண்ணுக்குள் ஓரடி இறக்கியும் கொடுத்திருக்கிறார்.

அவருடைய மாவட்டத்திலேயே அவெல்லா என்னும் ஊருக்கு அருகில் மெடோகிராஃப்ட் பாறைக் குடை இருக்கிறது. 1955இல் ஆல்பர்ட் மில்லர் என்னும் நில உரிமையாளர், அங்கே ஓர் உட்சக் தோண்டிய வளையில் பழங்கால மனிதர் விட்டுச்சென்ற பொருள்களைக் கண்டார். 1973இல் ஜேம்ஸ் அடோவாசியோ தலைமையில் அகழாய்வு தொடங்கியது. அங்கு கிடைத்தவற்றின் காலம் பதினாறாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்று அகழ்ந்தோர் கணித்தனர். அந்தக் கணிப்பு விவாதத்துக்கு உள்ளானது. என்றாலும் வட அமெரிக்காவில் மனிதர் கால்வைத்த காலத்தைப் பின்னோக்கித் தள்ளிய இடங்களுள் அதுவும் ஒன்று. புழு என்று பெயரிடப்பட்ட உயிரொன்று அந்த நாட்டின் பழமையைத் தோண்டி வெளியே போட்டிருக்கிறது.

முதியவர் இதை அறிவார். சுட்ட விலங்கின் வளையை மூடுவதற்கு முன், வாயிலில் குவிந்திருக்கும் மண்ணை முழங்காலிட்டு விரல்களால் அளைந்து பார்ப்பார். இதுவரை கிடைத்தவை ஒரு துருப்பிடித்த லாட ஆணியும், சுடுமண் புகைக்குழாயின் உடைந்த துண்டொன்றும். இரண்டையும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறார்.